ஆயில் எஞ்சின் உதிரி பாகங்கள்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை



நிலம், விதை, உரம் ஆகியவற்றைப் பற்றி இவ்விதழில் பல பாடங்களைப் படித்திருப்பீர்கள். இந்தப் பாடம் சற்று மாறுபட்டது. கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் ஆயில் எஞ்சினுக்கு நாம் வாங்கும் உதிரி பாகங்களைப் பற்றியது. உழவியல் ஆசிரியர் எஞ்சினைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். பயிர் பூக்கும் நேரத்தில் எஞ்சின் நின்றுவிட்டால், அது எஞ்சினின் பழுது மட்டுமன்று. பயிரின் பழுதும் ஆகும். எனவே இது உழவியல் பாடமே.

மின் இணைப்புக்குக் காத்திருப்பவர்களும், ஆறு, ஏரி, வாய்க்கால்களிலிருந்து நீர் இறைப்பவர்களும் இன்றும் ஆயில் எஞ்சினை நம்பியுள்ளனர். மின் மோட்டார் உள்ள சிலரும் துணைக்கு ஒரு எஞ்சினை வைத்துள்ளனர். இவற்றுக்கான உதிரி பாகங்கள் கடையில் பல விலைகளில் கிடைக்கின்றன. ஒரே பாகம் ஒரு பெட்டியில் 90 ரூபாய், பக்கத்துப் பெட்டியில் 35 ரூபாய். எதை வாங்குவது?

நான் செய்த தவறு

2012-ஆம் ஆண்டு நான் முதுநிலைப் பட்டப்படிப்பில் இருந்தேன். ஊரில் என் தந்தையார் ஒன்றரை ஏக்கர் செம்மண் நிலத்தில் மார்கழிப் பட்டத்து நிலக்கடலை போட்டிருந்தார். விதைப்பதற்கு முன் கிணற்றிலிருந்த ஃபுட் வால்வைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் ரப்பர் மடல் வெடித்திருந்தது. "தம்பி, டவுனுக்குப் போனா பழைய கம்பெனி மடலே பார்த்து வாங்கி வா" என்று சொல்லி அனுப்பினார். கடையில் அந்த மடல் 90 ரூபாய் என்றார்கள். அதே அளவில், அதே கறுப்பு நிறத்தில், பெயர் எதுவும் அச்சிடாத மடல் 35 ரூபாய்க்குக் கிடைத்தது. 55 ரூபாய் மிச்சம் பிடித்த மகிழ்ச்சியில் அதை வாங்கி வந்து மாட்டினேன்.

பயிருக்கு 44-ஆம் நாள். பூத்து, விழுதுகள் மண்ணை நோக்கி இறங்கும் நேரம். ஜிப்சம் இட்டு மண் அணைத்து முடித்திருந்தோம். முந்தைய தண்ணீர் விட்டு எட்டு நாட்கள் ஆகியிருந்தன. காலையில் எஞ்சினை ஓட்டிவிட்டு மடை மாற்றப் போயிருந்தோம். அந்த ரப்பர் மடல் ஊறிப் பருத்து, மடிப்பில் கிழிந்து, சக்ஷன் குழாய் வழியே மேலே இழுக்கப்பட்டு, பம்பின் இம்பெல்லர் வாயில் போய் அடைத்துக்கொண்டது. தண்ணீர் நின்றது.

நம் எஞ்சின்களில் பெரும்பாலானவை பம்பு இறைக்கும் நீரிலிருந்தே ஒரு சிறு குழாய் மூலம் குளிர்ச்சி பெறுகின்றன. பம்பில் நீர் நின்றால் எஞ்சினுக்கும் நீர் நின்றுவிடும். ஆனால் எஞ்சின் நிற்காது. பளு குறைந்ததால் எளிதாகவே ஓடிக்கொண்டிருக்கும். சத்தம் மாறியதைக் கேட்டு நாங்கள் ஓடிவருவதற்குள் பிஸ்டன் லைனரில் இறுகிவிட்டது.

பிஸ்டன், லைனர், ரிங், மெக்கானிக் கூலி எல்லாம் சேர்ந்து 5,800 ரூபாய் ஆயிற்று. அதைவிடப் பெரியது வேறு. மெக்கானிக் கிடைத்து, பாகம் வந்து, எஞ்சின் மீண்டும் ஓட ஒன்பது நாட்கள் ஆயின. அதாவது விழுது இறங்கும் பருவத்தில் நிலக்கடலை 17 நாட்கள் நீரின்றி நின்றது. அக்கம்பக்கத்தில் வாடகைக்கு எஞ்சின் கேட்டோம். எல்லோருக்கும் அதே வாரத்தில்தான் தண்ணீர் தேவைப்பட்டது. செம்மண் காய்ந்து இறுகியதால் பல விழுதுகள் மண்ணைத் துளைக்க முடியாமல் மேலேயே கருகின. வழக்கமாக 27 மூட்டை எடுக்கும் நிலத்தில் அவ்வாண்டு 19 மூட்டைதான் கிடைத்தது. என் தந்தையார் என்னைத் திட்டவில்லை. கிழிந்த மடலை மட்டும் கிணற்றடிக் கொட்டகையில் ஆணியடித்து மாட்டி வைத்தார். அது இன்றும் அங்கே தொங்குகிறது.

55 ரூபாய் மிச்சம். 5,800 ரூபாயும் எட்டு மூட்டைக் கடலையும் நட்டம். இந்தக் கணக்குதான் இப்பாடத்தின் சாரம். உதிரி பாகத்தின் விலையைக் கடையில் கணக்கிடக் கூடாது. வயலில் கணக்கிட வேண்டும்.

நான்கு வகைப் பாகங்கள்

கடையில் கிடைக்கும் பாகங்களை நான்கு வகையாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

1. எஞ்சின் தயாரிப்பாளரின் சொந்தப் பெயரில் வருபவை. இவற்றை 'ஒரிஜினல்' என்கிறோம்.

2. வேறு தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெயரில் செய்து விற்கும் மாற்றுப் பாகங்கள். இது சட்டப்படி நேர்மையான தொழில். கோயம்புத்தூர், இராஜ்கோட் போன்ற நகரங்களில் பம்புகளும் எஞ்சின்களும் அவற்றின் பாகங்களும் ஏராளமாகத் தயாராகின்றன. இவற்றில் மிகத் தரமானவையும் உண்டு. நல்ல பேரிங், ரிங், ஃபில்டர் கம்பெனிகள் எஞ்சின் தயாரிப்பாளருக்கும் பாகங்களைக் கொடுத்து, கடையிலும் தம் பெயரில் விற்பது வழக்கம்.

3. பெயரே இல்லாதவை. பெட்டியும் இல்லை, முகவரியும் இல்லை. 'லோக்கல்' என்று கடைக்காரரே சொல்லிவிடுவார். சில நன்றாக உழைக்கும், சில உழைக்காது. எது உழைக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

4. போலிகள். மற்றொருவரின் பெயரையும் பெட்டியையும் திருடி வருபவை. பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அல்லது மாறாமல் அப்படியே இருக்கும். இது 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

எனவே 'ஒரிஜினல் தவிர மற்றதெல்லாம் மோசம்' என்று கூறுவது சரியன்று. இரண்டாம் வகையை அறிந்து வாங்கலாம். மூன்றாம் வகையை இடம் அறிந்து வாங்கலாம். நான்காம் வகையைத் தவிர்க்க வேண்டும்.

விதையைப் பற்றி நமக்குத் தெரிந்ததையே இங்கும் நினைவில் கொள்ளலாம். சந்தையில் வாங்கிய நெல்லும் சான்று பெற்ற விதை நெல்லும் கைக்குள் ஒன்றுபோல்தான் இருக்கும். ஆகவேதான் மூட்டையில் நீல நிறச் சான்றட்டை உள்ளதா என்று பார்க்கிறோம். பாகத்துக்கும் அவ்வாறே, கண்ணுக்குத் தெரியாத குணத்தை அறிய வெளி அடையாளங்களைத் தேட வேண்டும்.

ஒரே அளவு, வேறு குணம்

நம் நாட்டில் பரவலாக உள்ள 5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1500 சுற்று எஞ்சின்களில் பல, பிரிட்டனின் பீட்டர் வகை அமைப்பைத் தழுவியவை. இவற்றின் சிலிண்டர் விட்டம் 80 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓட்டம் 110 மில்லிமீட்டர். மெதுவாக ஓடும் 650 சுற்று எஞ்சின்கள் லிஸ்டர் வகையைத் தழுவியவை. பல கம்பெனிகளின் எஞ்சின்கள் ஒரே அமைப்பில் இருப்பதால் ஒன்றின் பாகம் மற்றொன்றில் பொருந்துகிறது. இதனால் பாகம் எளிதில் கிடைக்கிறது. ஆனால் 'பொருந்துகிறது' என்பது வேறு, 'உழைக்கிறது' என்பது வேறு. மலிவுப் பாகம் கெட்டுப்போவதற்கு நான்கு காரணங்கள் உள்ளன.

உலோகம்: கழிவு இரும்பையும் கழிவு அலுமினியத்தையும் சரியான கலவையின்றி உருக்கி வார்த்தால், பாகத்தின் உள்ளே நுண்துளைகளும் கட்டிகளும் இருக்கும். வெளியே கடைசல் பளபளப்பாக இருப்பதால் இவை தெரிவதில்லை.

பதம்: கொல்லன் கடப்பாரைக்குத் துவைச்சல் போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பதம் தவறினால் நுனி மழுங்கும் அல்லது ஒடியும். வால்வு, பேரிங், நாசில் ஊசி ஆகியவற்றுக்கும் இதே பதம் தேவை. பதம் குறைந்தால் விரைவில் தேயும், மிகுந்தால் உடையும். பதம் போடும் செலவைக் குறைப்பதே விலையைக் குறைக்க எளிய வழி என்பதால் தரமற்ற பாகங்களில் இக்குறை மிகுதி.

அளவு: ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரான் என்கிறோம். மனித முடியின் கனம் சுமார் 70 மைக்ரான். டீசல் பம்பில் 'எலிமென்ட்' என்று மெக்கானிக்குகள் அழைக்கும் பிளஞ்சர், பேரல் ஜோடிக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. இந்த நுட்பத்தைச் சிறு பட்டறையில் கொண்டுவருவது கடினம்.

ரப்பரும் காகிதமும்: பழைய ரப்பரை அரைத்து, மாவுப் பொருள் மிகுதியாகச் சேர்த்துச் செய்யும் மடலும் ஆயில் சீலும் ஊறிப் பருக்கும் அல்லது விறைத்து வெடிக்கும். டீசல் ஃபில்டரில் சாதாரணக் காகிதத்தை மடித்து வைத்தால், அது தூசியைத் தடுக்காது அல்லது டீசலையே தடுக்கும்.

எதில் சிக்கனம் கூடாது? எதில் ஆகலாம்?

எல்லாப் பாகத்துக்கும் மிகுந்த விலை கொடுக்கச் சிறு உழவரால் இயலாது, கொடுக்கவும் தேவையில்லை. கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்து, பாகங்களை மூன்று தொகுதிகளாகப் பிரியுங்கள்.

முதல் தொகுதி: கெட்டால் எஞ்சினையே கெடுப்பவை. நாசில், எலிமென்ட், டெலிவரி வால்வு, பிஸ்டன், ரிங், லைனர், கனெக்டிங் ராடு போல்ட், பிக் எண்டு பேரிங், சிலிண்டர் வால்வுகள், ஹெட் காஸ்கெட் ஆகியவை. கனெக்டிங் ராடு போல்ட் அறுந்தால் பிளாக்கே உடையலாம். ஹெட் காஸ்கெட்டின் கனம் மாறினால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி மாறி, எஞ்சின் ஸ்டார்ட் ஆகத் திணறும் அல்லது பிஸ்டன் இடிக்கும். இவற்றை எஞ்சின் தயாரிப்பாளரின் பெயரிலோ, நீண்டகாலம் பெயர் பெற்ற கம்பெனியின் பெயரிலோ மட்டும் வாங்க வேண்டும்.

இரண்டாம் தொகுதி: கெட்டால் நீர் இறைப்பு நிற்கும், கவனியாவிட்டால் எஞ்சினும் கெடும். ஃபுட் வால்வும் அதன் மடலும், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பேரிங், ஆயில் சீல், பெல்ட், பம்பின் கிளாண்டு கயிறு ஆகியவை. இவற்றில் பெயருள்ள மாற்றுப் பாகங்களை வாங்கலாம், பெயரில்லாதவை வேண்டாம். என் தவறு இந்தத் தொகுதியில்தான் நேர்ந்தது.

மூன்றாம் தொகுதி: கெட்டாலும் பெரிய கேடு இல்லாதவை. டீசல் டேங்க், அதன் மூடி, சைலன்சர், தாங்கு சட்டம், பாதுகாப்புத் தகடு, ஹோஸ் கிளிப் போன்றவை. இவற்றை உள்ளூர்ப் பட்டறையில் செய்துகொள்ளலாம். இங்கே மிச்சம் பிடிக்கும் பணத்தை முதல் தொகுதிக்குப் பயன்படுத்துங்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

பழைய பாகத்தைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். வாய்மொழியாகச் சொல்லி வாங்கும் பாகம் மாறிப்போக வாய்ப்புண்டு. எஞ்சினின் பெயர்த் தகட்டில் உள்ள மாடல், வரிசை எண் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிச் செல்லுங்கள்.

பெட்டியைப் படியுங்கள். தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகார் கூற வேண்டிய தொடர்பு ஆகியவை பொட்டலப் பொருள்களில் அச்சிடப்பட வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு விதி. இவை இல்லாத பெட்டியைச் சந்தேகியுங்கள். பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். மங்கிய அச்சும், அச்சிட்ட விலையில் பாதிக்கு மேல் தள்ளுபடியும் எச்சரிக்கைக் குறிகளாகும். மினுமினுக்கும் ஹோலோகிராம் ஒட்டியிருப்பது மட்டும் போதாது. அதையும் போலி செய்ய முடியும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பொருளானால் முத்திரையின் மேல் தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். வேளாண் பம்புகளின் ஃபுட் வால்வுகளுக்குரிய தர எண் ஐ.எஸ். 10805, வேளாண் டீசல் எஞ்சின்களுக்குரியது ஐ.எஸ். 11170. உரிம எண் உண்மையானதா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் பார்க்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்தால் நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

ரப்பர் பாகம்: இரண்டாக மடித்துப் பிடியுங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடோ, மயிரிழை வெடிப்போ தோன்றினால் வேண்டாம். விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். விரலில் கரி ஒட்டக் கூடாது. பல ஆண்டுகள் கடையில் கிடந்து விறைத்த நல்ல கம்பெனி ரப்பரையும் வாங்காதீர்கள்.

ஃபில்டர்: காகித மடிப்புகள் சம இடைவெளியில், பசை விடாமல் ஒட்டியிருக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளை தெரியக் கூடாது.

பேரிங்: இதன் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 6205 என்றால், கடைசி இரண்டு எண்களாகிய 05-ஐ 5-ஆல் பெருக்க வேண்டும். உள் துளை 25 மில்லிமீட்டர். 6305-க்கும் உள் துளை 25 மில்லிமீட்டர்தான். ஆனால் 6205-இன் வெளி விட்டம் 52. 6305-இன் வெளி விட்டம் 62. எண்ணுக்குப் பின் சி3 என்று இருந்தால் உள்ளே குண்டுகளின் இடைவெளி சற்று மிகுதி என்று பொருள். பழையதில் சி3 இருந்தால் புதியதிலும் சி3 இருக்க வேண்டும். எண் உலோகத்தில் தெளிவாகப் பதிந்திருக்க வேண்டும். உறையைப் பொருத்தும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும்.

பட்டறையில் செய்ய வேண்டிய சோதனைகள்

சில சோதனைகளை மெக்கானிக்கைக் கொண்டு செய்விக்க வேண்டும். அருகில் நின்று பாருங்கள்.

ரிங்: புதிய ரிங்கைப் பிஸ்டனில் மாட்டுவதற்கு முன், தனியாக லைனருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் சமமாக உள்ளே தள்ளச் சொல்லுங்கள். ரிங்கின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். 80 மில்லிமீட்டர் விட்டத்துக்கு இது ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இருக்கலாம். சரியான அளவு எஞ்சின் கையேட்டில் உள்ளது. இடைவெளியே இல்லையென்றால் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் மோதி லைனரைக் கீறிவிடும். மிகுதியாக இருந்தால் புகையும் எண்ணெய்ச் செலவும் கூடும். லைனரின் மறுபக்கம் விளக்கைப் பிடித்தால், ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே ஒளி கசியக் கூடாது.

நாசில்: பொருத்துமுன் சோதனைக் கருவியில் தெளித்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் கையேட்டில் குறித்த அழுத்தத்தில் திறக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பனிபோல் மென்மையாகத் தெளிக்க வேண்டும். நுனியில் சொட்டக் கூடாது. இது மிகுந்த அழுத்தத்தில் வருவதால் கையை நாசிலின் முன் ஒருபோதும் நீட்டாதீர்கள். டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எலிமென்ட்: பிளஞ்சரும் பேரலும் ஜோடியாகவே தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றைப் புதிதாகவும் மற்றதைப் பழையதாகவும் போடக் கூடாது.

பாகத்தைக் குறை கூறுமுன்

எல்லாப் பழியையும் பாகத்தின் மேல் போடுவது நியாயமன்று. நல்ல பாகமும் தவறாகப் பொருத்தினால் கெடும். தேய்ந்து நீள்வட்டமான லைனரில் புது ரிங்கைப் போட்டால் எந்தக் கம்பெனி ரிங்கும் உழைக்காது. தண்ணீர் கலந்த டீசலும், மாற்றாத என்ஜின் ஆயிலும், கழற்றி எறிந்துவிட்ட ஏர் ஃபில்டரும் நல்ல பாகங்களைத் தின்றுவிடும். புது ரிங், லைனர் போட்ட பின் முதல் சில மணி நேரம் குறைந்த பளுவில் ஓட்டிப் பழக்க வேண்டும்.

பொருத்திய பின் புகையைக் கவனியுங்கள். கரும்புகை, டீசல் முழுதும் எரியாமையைக் காட்டும். நாசில், ஏர் ஃபில்டர், அதிகப் பளு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். நீலப்புகை, எண்ணெய் எரிவதைக் காட்டும். ரிங்கைச் சோதிக்க வேண்டும். வெண்புகை தொடர்ந்து வந்தால் டீசல் எரியாமல் வெளியேறலாம் அல்லது உள்ளே நீர் கசியலாம். குளிர்நீர்க் குழாயின் முனையில் நீர் விழுகிறதா என்பதை ஓட்டியவுடன் ஒருமுறையும், பிறகு அவ்வப்போதும் பாருங்கள். அதை ஓட்டிவிட்டு நெடுநேரம் அகலாதீர்கள்.

எப்போது மாற்றுவது?

பாகம் கெட்ட பிறகு மாற்றுவது பழக்கமாகிவிட்டது. பயிர் அதற்குக் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு பயிருக்கும் நீர் தவறக் கூடாத பருவம் ஒன்று உண்டு.

நெல்: கதிர் உருவாகும் பருவம் முதல் பூக்கும் பருவம் வரை.
நிலக்கடலை: பூத்தல், விழுது இறங்குதல், காய் பிடித்தல்.
மக்காச்சோளம்: ஆண் பூங்கொத்தும் பெண் கதிரின் பட்டு இழையும் தோன்றும் பருவம்.
பருத்தி: பூத்தல், காய் பிடித்தல்.
கரும்பு: தூர் கட்டி வளரும் முதல் நான்கு மாதங்கள்.

விதைக்கும் நாளிலிருந்து இந்தப் பருவம் எப்போது வரும் என்று நாட்காட்டியில் குறியுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பாக ஃபுட் வால்வு, கிளாண்டு, ஃபில்டர், பெல்ட் ஆகியவற்றைப் பாருங்கள். ரிங், லைனர் போன்ற பெரிய வேலைகளைக் கோடையில் நிலம் சும்மா கிடக்கும்போது முடித்துவிடுங்கள். அவசரத்தில் கடைக்குப் போகிறவர் கிடைத்ததை வாங்கி வருவார். தரமற்ற பாகம் விற்பனையாவதற்கு விலை மட்டுமன்று, அவசரமும் காரணம்.

கடலில் படகு மோட்டார் ஓட்டும் மீனவர்களைப் பாருங்கள். படகின் பின்புறம் மாட்டும் மோட்டாரிலும் ஒரு சிறு ரப்பர் இம்பெல்லர்தான் கடல்நீரை இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கிறது. அது கிழிந்தால் நடுக்கடலில் மோட்டார் இறுகிவிடும்; அங்கே கடை இல்லை. ஆகவே விவரம் அறிந்தவர்கள் நல்ல இம்பெல்லர் ஒன்றைக் கையிருப்பாக எடுத்துச் செல்வார்கள். விழுது இறங்கும் நேரத்தில் நம் கிணற்றடியும் நடுக்கடல்தான். ஃபுட் வால்வு மடல் ஒன்று, டீசல் ஃபில்டர் ஒன்று, கிளாண்டு கயிறு, பெல்ட் ஒன்று ஆகியவற்றை வெயிலும் டீசலும் படாமல் ஒரு டப்பாவில் வைத்திருங்கள். நான்கைந்து உழவர்கள் சேர்ந்து ஒரு நல்ல நாசிலைப் பொதுக் கையிருப்பாக வாங்கி வைக்கலாம்.

ரசீது வாங்குங்கள்

'ரசீது வேண்டாமென்றால் விலை குறைப்பேன்' என்பார்கள். ரசீது இல்லையேல் உங்கள் கையில் ஆதாரம் இல்லை. பாகத்தின் பெயர், தயாரிப்பாளர் பெயர், தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்ட ரசீதையும் காலிப் பெட்டியையும் ஒரு பட்டம் முடியும்வரை பத்திரப்படுத்துங்கள். கெட்டுப்போன பாகத்தை எறியாதீர்கள். கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வராதீர்கள். படம் எடுத்து வையுங்கள்.

கடைக்காரர் மாற்றித்தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். கொடுத்த விலை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மிகாத பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. பிழைப்புக்காகத் தானே உழைக்கும் உழவரும் இச்சட்டத்தில் நுகர்வோரே.

உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்

1. உங்கள் எஞ்சினின் மாடலும் வரிசை எண்ணும் என்ன?
2. அதன் குளிர்நீர் எங்கிருந்து வருகிறது? கடைசியாக எப்போது அதைப் பார்த்தீர்கள்?
3. இப்போது நிற்கும் பயிருக்கு நீர் தவறக் கூடாத பருவம் எந்தத் தேதியில் வருகிறது?
4. கடைசியாக வாங்கிய பாகம் நான்கு வகைகளில் எது? அதற்கு ரசீது உள்ளதா?
5. கையிருப்பு டப்பாவில் என்னென்ன உள்ளன?

இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை கூற முடிந்தால் இப்பாடத்தை நீங்கள் கற்றுவிட்டீர்கள். விடை தெரியாத கேள்விக்கு இன்று மாலையே கிணற்றடிக்குச் சென்று விடை காணுங்கள். கடையில் மிச்சம் பிடிக்கும் ஐம்பது ரூபாய், களத்தில் குறையும் மூட்டைகளுக்கு ஈடாகாது என்பதை மறவாதீர்கள்.